மடிக்கணினி பழுதானால் முதலில் எதைக் காப்பது?



பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயத்தை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தில் மாட்டியிருக்கும் மங்கு விரிசல் விட்டு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கை ஒட்டலாமா, ஸ்டோருக்குப் போய்ப் புது மங்கு கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பீர்களா? நிற்க மாட்டீர்கள். உள்ளே இருக்கும் பாலை முதலில் வாளியில் ஊற்றுவீர்கள். மங்கைப் பற்றிய யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான். காட்டில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், ஒரு கடையின் மேசைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் தடுமாறிவிடுகிறோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மடிக்கணினி. லேப்டாப் என்றால்தான் வீட்டில் எல்லாருக்கும் விளங்கும். ஒரு காலத்தில் பெரிய கிராணியின் மேசையில்கூட இல்லாத பொருள் இது. 2020, 2021ஆம் ஆண்டுகளில், கொவிட் நோய்க்காகப் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன்பட்டும், கூட்டு எடுத்தும், சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனிடம் சொல்லிவிட்டும் எத்தனையோ குடும்பங்கள் இதை வாங்கின. பலரும் வாங்கியது இன்னொருவர் பயன்படுத்திய பழையதுதான். அப்படி வந்தவை இப்போது ஒவ்வொன்றாகத் தகராறு செய்கின்றன. "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு போலிருக்கு" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. உண்மையிலேயே போயிற்றா, போயிருந்தால் பழுது பார்ப்பதா, வேறு வாங்குவதா, எவ்வளவு செலவு செய்வது நியாயம் என்பதைப் பார்ப்போம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மூன்று தலைமுறையாக இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போய்விட்டது, லயங்களை இடித்துவிட்டார்கள். குடும்பத்தின் மூத்த பையனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. தங்கை கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் இருந்த ஒரே மடிக்கணினி அவளிடம் இருந்தது. ஒரு வாரமாகவே அது திறக்க நேரம் எடுத்தது. நடுவில் உறைந்து நின்றது. கடைசியில் உள்ளேயிருந்து பல்லி கத்துவதுபோல 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். அண்ணன் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து, அதைப் பையில் போட்டுக்கொண்டு ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிராங்கூன் சாலை முழுவதும் தலைகளாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் சந்தொன்றில் இருந்த ஒரு கடையில் இந்தத் தம்பி கணினியை நீட்டியிருக்கிறான். கடைக்காரர் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "ஹார்ட் டிஸ்க் அவுட்டு தம்பி. புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தர்றேன். சாயங்காலம் வாங்க" என்றாராம். விலையும் அதிகமில்லை. தம்பிக்குச் சந்தோஷம். சரி என்று சொல்ல வாயெடுத்தவன், "உள்ளே இருக்கிற படமெல்லாம்?" என்று கேட்டிருக்கிறான். "அதெல்லாம் வராது" என்று பதில் வந்தது. அப்போதுதான் அவன் எங்களுக்குத் தொலைபேசி செய்தான். "அண்ணே, குடுத்திடவா வேணாமா?"

"குடுக்காதே. மூடி வை. திரும்பவும் திறந்து பார்க்காதே" என்றோம். காரணத்தைச் சொல்ல, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கை வன்தட்டு என்றும் எழுதுவார்கள். மடிக்கணினியில் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகப் பெட்டி. அதற்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டு ஒன்றோ இரண்டோ சுழலும். மடிக்கணினிகளில் பரவலாக இருந்த வகை நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று. அந்தத் தட்டின்மேல் காந்தப் புள்ளிகளாக நம் எழுத்தும் படமும் குரலும் பதிந்திருக்கும். பழைய கிராமபோன் இசைத்தட்டில் ஊசி ஓடியதைப் போல, இங்கே ஒரு சின்னத் தலை படிக்கிறது. ஆனால் ஊசி தட்டைத் தொட்டது. இந்தத் தலை தொடக்கூடாது. தட்டு சுழலும்போது உண்டாகும் காற்றின்மேல் அது மிதக்கிறது. இடைவெளி எவ்வளவு தெரியுமா? நம் தலைமுடி ஒன்றைப் பருமனில் பத்தாயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறு, அல்லது அதைவிடவும் குறைவு. ஒரு தூசி உள்ளே நுழைந்தாலும் அது பாறை போலத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது கணினி கீழே விழுந்தால், தலை தட்டில் இடித்துச் சுரண்டிவிடும். சுரண்டிய இடத்தில் இருந்தது போனதுதான். அந்தத் தூள் உள்ளேயே பறந்து மற்ற இடங்களையும் கெடுக்கும்.

அந்த 'டிக், டிக்' சத்தத்தின் பொருள் பெரும்பாலும் இதுதான்: தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப் போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு முறை நாம் திறக்கும்போதும் அது இன்னும் கொஞ்சம் சுரண்டக்கூடும். "ஒருவேளை இந்தத் தடவை வந்துவிடும்" என்று பத்துத் தடவை அமுக்கிப் பார்ப்பது மனித சுபாவம். அந்தப் பத்துத் தடவையில்தான் பல குடும்பப் படங்கள் அழிந்திருக்கின்றன.

இந்தப் பொருளுக்கும் சிங்கப்பூருக்கும் பழைய உறவு உண்டு. முதல் வன்தட்டை 1956இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. இரண்டடி அகலத் தட்டுகள் 50 அதில் அடுக்கியிருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது ஏறக்குறைய 50 லட்சம் எழுத்து. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நல்ல படத்துக்குத்தான் அது காணும். 1982இல் சீகேட் என்ற அமெரிக்க நிறுவனம் சிங்கப்பூரில் தொழிற்சாலை திறந்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் உலகிலேயே மிக அதிகமாக வன்தட்டு செய்யும் இடமாகச் சிங்கப்பூர் ஆகிவிட்டது. பிறகு அந்தத் தொழில் பினாங்குக்கும் தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் பரவியது. 2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது, உலகம் முழுவதும் வன்தட்டு விலை ஏறியது. நம் தோட்டங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறி மின்னணுத் தொழிற்சாலைக்குப் போன அக்காமார்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். தலைமுடிகூடத் தெரியாமல் உடம்பு முழுவதும் மூடிய உடுப்புப் போட்டுக்கொண்டு எதற்காக உள்ளே நுழைந்தோம் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த மாதிரி தூசியற்ற அறையில் மட்டுமே திறக்கவேண்டிய பெட்டியை, கடை மேசைமேல் மின்விசிறிக்குக் கீழே திறந்து காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தட்டுதான் குற்றவாளி என்று கடைக்காரர் சொன்ன உடனே நம்பிவிடவும் கூடாது. விளக்கே எரியவில்லை என்றால் சார்ஜரோ, பேட்டரியோ, உள்ளிருக்கும் பலகையோ காரணமாக இருக்கும். விசிறி ஓடுகிறது, திரை கறுப்பாக இருக்கிறது என்றால் நினைவகமோ திரையோ என்று பார்க்கவேண்டும். பெயர்ச்சின்னம் தோன்றிப் பிறகு 'துவக்கும் சாதனம் இல்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தால், தட்டு சந்தேகத்துக்கு உரியதே. அப்போதும் தட்டை இணைக்கும் கம்பி தளர்ந்திருக்கலாம்; விண்டோஸ் மட்டும் கெட்டிருக்கலாம். வெறும் மெதுவாக ஓடுவது குற்றமே இல்லை. இடம் நிரம்பியிருந்தாலும், தூசி அடைத்துச் சூடானாலும் மெதுவாகும். ஒரு கோப்பைத் திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறது, நேற்று இருந்த படம் இன்று பாதி சாம்பல் நிறமாகத் தெரிகிறது, கோப்புகளின் பெயர்கள் குழம்பியிருக்கின்றன, உள்ளே சத்தம் கேட்கிறது என்றால் அது தட்டுதான் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம்.

பல கணினிகளில் சொந்தமாகவே ஒரு சோதனை உண்டு. திறந்த உடனே எஃப்2, எஃப்12, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும் ஒரு பொத்தானை அமுக்கினால் அது வரும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச மென்பொருள் ஒன்றும் இருக்கிறது. தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை அது படித்துக் காட்டும். இந்தச் சோதனைகள் 'கெட்டது' என்றால் நம்புங்கள். 'நல்லது' என்றால் முழுக்க நம்பாதீர்கள். கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்தக் குறிப்புகளில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலேயே பழுதாகியிருந்தன. நன்றாக இருந்த மனிதர் திடீரென்று சாய்வதில்லையா, அதுபோலத்தான்.

இன்னொன்று. புதிய கணினிகளில் சுழலும் தட்டே கிடையாது. எஸ்.எஸ்.டி. என்னும் திண்மச் சேமிப்பகம் இருக்கும். அதில் ஓடும் பாகம் எதுவும் இல்லை. கீழே விழுந்தாலும் தாங்கும். வேகமும் பல மடங்கு. ஆனால் அது போகும்போது சத்தம் போடாது. விளக்கை அணைத்தது போலப் போய்விடும். சில மெல்லிய கணினிகளில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்றவும் முடியாது.

இனி அந்தத் தம்பியின் விஷயத்துக்கு வருவோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் கோமள விலாஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தேநீர் வாங்கிக் கொடுத்து, ஒரு தாளை எடுத்து, கணினிக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுதச் சொன்னோம். தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவளையும் சொல்லச் சொன்னோம். இதை எல்லாருமே செய்யவேண்டும் என்பது எங்கள் கருத்து. எழுத எழுத, பயம் குறைந்து கணக்கு தெரியும்.

தங்கையின் கல்லூரிக் கட்டுரைகள் இணையத்தில் கூகுள் டிரைவில் இருந்தன. வேறு எந்தக் கணினியிலும் திறக்கலாம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல்கள் இருந்தன. அவற்றின் மூலங்கள் அம்மாவின் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு தாளைத் தொலைத்துவிட்டுச் சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுள் முழுவதும் அலைந்த பெரியவர்களைப் பார்த்த குடும்பம், மூலத்தை விடுமா? திருமணப் படங்கள் சித்தப்பா வீட்டிலும் இருந்தன. பாட்டும் படமும் திரும்பக் கிடைக்கும். இப்படி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம். கடைசியில் இரண்டே வரி நின்றன. லயத்தை இடிப்பதற்கு முந்தைய வாரம் தம்பி எடுத்த படங்கள்: ஒவ்வொரு வீட்டு வாசல், மாரியம்மன் கோயில், ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம், அந்தப் பழைய மணி. மற்றொன்று, பாட்டி தான் சின்னப் பெண்ணாகக் கப்பலில் வந்ததையும், ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்று பிழைத்ததையும் சொல்லச் சொல்லப் பதிவு செய்த குரல். பாட்டி போய் இரண்டு ஆண்டாகிறது. லயமும் இல்லை. அந்த இரண்டு வரிக்கும் உலகத்தில் வேறு நகல் எங்கேயும் கிடையாது.

அப்படியானால் பழுது என்பது இங்கே ஒன்றல்ல, இரண்டு. கணினியை ஓடவைப்பது ஒரு வேலை. தட்டிலிருப்பதை எடுப்பது வேறு வேலை. கடைக்காரர் சொன்ன விலை முதல் வேலைக்கு மட்டும். அவர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்காததை அவர் செய்யவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் பிரித்துப் பார்த்தால், இன்றைக்கே எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று தெரியும். பழைய தட்டைக் கழற்றி வாங்கிக்கொள்ளலாம். கணினியில் புது எஸ்.எஸ்.டி. போட்டுத் தங்கையின் படிப்பு நடக்கட்டும். கழற்றிய தட்டை அதற்குரிய சாம்பல் நிறப் பையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்தால், மின்சாரம் இல்லாதவரை அது மேலும் சுரண்டிக்கொள்ளாது. மாதக்கணக்கில் காத்திருக்கும். காசு சேரட்டும், விசாரிக்கட்டும், பிறகு முடிவு செய்யலாம். ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதல் வாசகம், "பழைய தட்டை என் கையில் திருப்பித் தரவேண்டும்" என்பதுதான். ரசீதிலும் அதை எழுதச் சொல்லுங்கள்.

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கணினி என்றாலும் இதே எச்சரிக்கை உண்டு. கம்பெனிக்காரர் புதுத் தட்டை இலவசமாகப் போடுவார். பழையதைப் பொதுவாக எடுத்துக்கொண்டுபோய்விடுவார். உத்தரவாதம் தட்டுக்கு உண்டு, தட்டில் உள்ளதற்கு இல்லை. கொடுப்பதற்கு முன் நகல் எடுங்கள். முடியாவிட்டால் பழைய தட்டை வைத்துக்கொள்ள வழி உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

நகல் எடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. தட்டு இன்னும் படிக்கிறது, சத்தம் இல்லை என்றால், வேறு எதையும் செய்யாமல் மிக அருமையான கோப்புறையை முதலில் வெளித் தட்டுக்கோ யூ.எஸ்.பி. குச்சிக்கோ மாற்றுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாக இழுக்க வேண்டாம். நடுவில் நின்றுவிட்டால் பாட்டும் படமும் வந்திருக்கும், பாட்டியின் குரல் வந்திருக்காது. கணினி திறக்கும்போது தானாகவே "வட்டைச் சரிபார்த்துச் செப்பனிடவா?" என்று கேட்கும், அதை அப்போது தவிர்த்துவிடுங்கள். சாகக் கிடப்பவரை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது போன்ற வேலை அது. தட்டைக் குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் ஊரில் உலாவுகிறது. நம் நாட்டுச் சீதோஷ்ணத்தில் வெளியே எடுத்த உடனே நீர் கோத்துக்கொள்ளும், செய்யாதீர்கள். தட்டுவதும் குலுக்குவதும் வேண்டாம். விவரம் தெரிந்த பழுதுகாரர் தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயன்று பார்ப்பார். அவரிடம், "தட்டைத் தட்டாகவே நகல் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். கேள்வி புரிந்தால் அவர் முகத்திலேயே தெரியும். விண்டோஸ் சில கணினிகளில் தட்டையே பூட்டி வைத்திருக்கும். பிட்லாக்கர் என்று பெயர். அதன் 48 இலக்கச் சாவி, பதிவு செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் வழக்கமாக இருக்கும். அந்தச் சாவி இல்லாமல் யாராலும் எடுத்துத் தர இயலாது. கடைக்குப் போவதற்கு முன் பிள்ளைகளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

சத்தம் போடும் தட்டாக இருந்தால் மேலே சொன்னது எதுவும் வேண்டாம். தூசியற்ற அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையங்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன, அங்கேதான் போகவேண்டும். அவர்கள் கேட்பது சில நூறு வெள்ளியிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். ஒரு தொழிலாளிக்கு அது சின்னக் காசல்ல. எடுத்துக் கொடுத்தால்தான் கட்டணம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. பார்வையிடக் கட்டணம் இருக்கிறதா, எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு, எடுத்த கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டுவதற்கு முன் காட்டுவார்களா என்று மூன்றையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கணினியின் பழுதுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு எங்கள் கணக்கு எளியது. அதே வயது, அதே தரத்தில் நன்றாக ஓடும் பழைய கணினி ஒன்று என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரியுங்கள். கணக்குக்காக 300 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பொருளும் கூலியும் சேர்ந்து பழுதுச் செலவு அதில் பாதியை, அதாவது 150 வெள்ளியைத் தாண்டினால் யோசிக்கவேண்டும். பேட்டரியும் போய், கீலும் உடைந்திருந்தால் விட்டுவிடலாம். தட்டு ஒன்றுதான் கெட்டது, மற்றதெல்லாம் சரி என்றால் மாற்றுவதே லாபம். சுழலும் தட்டு இருந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய கணினியும் இளமை திரும்பியதுபோல் ஓடும்.

இதில் ஒரு சிக்கல் புதிதாக வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டன. சுழலும் தட்டோடு வந்த பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. 'விண்டோஸ் ஏத்தித் தர்றேன்' என்று சொன்னால் எந்த விண்டோஸ், அது உரிமத்தோடு கூடியதா என்று கேளுங்கள். உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் அமைப்பை ஏற்றினால் கட்டுரை எழுதவும், பாடம் பார்க்கவும் பழைய கணினி இன்னும் சில ஆண்டு உழைக்கும். கல்லூரி கேட்கும் மென்பொருள் அதில் ஓடுமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேக்காவிலிருந்து பத்து நிமிட நடையில், ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது. 1987இல் திறந்த அந்தக் கட்டடம் கணினிக் கடைகளுக்குப் பேர்போனது. பழுது பார்க்கும் கடைகளும் அடுக்கடுக்காக உண்டு. நல்லவர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு. 2014 நவம்பரில், வியட்நாமிலிருந்து வந்த ஓர் ஆலைத் தொழிலாளி அங்கே ஒரு கைப்பேசிக்கு 950 வெள்ளி கொடுத்தார். கொடுத்த பிறகு உத்தரவாதம் என்று சொல்லி மேலும் 1500 வெள்ளி கேட்டார்கள். அவர் கடையிலேயே மண்டியிட்டு அழுத காட்சி உலகெங்கும் பரவியது. அந்தக் கடையை நடத்தியவருக்கு 2015இல் 33 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த மனிதர் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்ட தாளை அவசரத்தில் படிக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

ஆகவே குறைந்தது இரண்டு கடையில் விலை கேளுங்கள். கேட்டதை எழுதி வாங்குங்கள்: என்ன பொருள், என்ன கொள்ளளவு, கூலி எவ்வளவு, எத்தனை மாத உத்தரவாதம். சிங்கப்பூரில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அந்தக் குறை இருந்ததாகக் கொள்ளும் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய பொருளுக்கும் அது பொருந்தும். வயதையும் விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரர் மறுத்தால், 1971இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கிறது. அங்கே வழக்கறிஞர் வைக்க அனுமதியே இல்லை. நீங்களே உங்கள் பேச்சில் சொல்லலாம். ஆனால் ரசீது இல்லாமல் போனால் எந்த மன்றமும் என்ன செய்யும்?

தம்பி என்ன செய்தான்? அன்று மாலையே வேறொரு கடையில் பழைய தட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டான். புது எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் ஏற்றி, தங்கைக்குக் கணினியை அனுப்பிவைத்தான். தட்டை எங்களுக்குத் தெரிந்த ஒரு பழுதுகாரர் பார்த்தார். சத்தம் எப்போதாவதுதான் வந்தது; ஆகவே ஒரே ஒரு முறை நகல் எடுத்துப் பார்க்கலாம், சத்தம் கூடினால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன் என்றார். அதில் உள்ள ஆபத்தையும் சொன்னார். தம்பி அம்மாவைக் கேட்டான், அம்மா சம்மதித்தார்கள். முதல் இரவில் லயத்துப் படங்களில் பெரும்பகுதி வந்துவிட்டது. கோயில் படங்களில் நாலைந்து பாதியோடு நின்றுவிட்டன. பாட்டியின் குரலில் முதல் ஒன்பது நிமிடம் வந்தது. கப்பல் பினாங்கில் வந்து நிற்கிறது, பாட்டி இறங்குகிறார், அதோடு அறுந்துவிடுகிறது. அந்த இடத்தில் சத்தம் கூடியதால் அவர் சொன்னபடி நிறுத்திவிட்டார்.

வந்தவற்றை மூன்று இடத்தில் வைத்திருக்கிறார்கள். தங்கையின் கணினியில் ஒன்று, வெளித் தட்டில் அம்மாவின் இரும்புப் பெட்டிக்குள் ஒன்று, இணையத்தில் ஒன்று. மீட்பு நிலையத்தில் மீதிக் குரலுக்கு விலை கேட்டிருக்கிறார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு. தீபாவளிக்கு அண்ணன் தம்பி, அத்தை, சித்தப்பா எல்லாரும் கூடும்போது ஆளுக்கு இவ்வளவு என்று போட முடியுமா என்று பேசுவதாக இருக்கிறார்கள். அதுவரை அந்தத் தட்டு, தேதியும் 'மின்சாரம் கொடுக்காதே' என்ற எழுத்தும் ஒட்டிய பிஸ்கட் டின்னுக்குள், அந்த இரும்புப் பெட்டியிலேயே இருக்கிறது.